ஒட்டுத் தெரியாத சுவர்

சுவரில் ஒட்டியிருந்த ஆரஞ்சு நிறக் காகிதத்தை இன்ஸ்பெக்டரம்மா முதலில் ஏதோ தள்ளுபடி விளம்பரம் என்றுதான் நினைத்தாள். கிழித்துப் போடக் கையைக்கூட நீட்டிவிட்டாள்.

பிறகு படித்தாள்.

'அனுமதிக்கு மாறான கட்டுமானம். வேலையை உடனே நிறுத்தவும். இன்று முற்பகல் நேரில் ஆய்வு.' கீழே மரபுக் கட்டடக் குழுவின் முத்திரை.

"ஏங்க!"

அவள் போட்ட சத்தத்தில் வேலியில் உட்கார்ந்திருந்த குருவிகள் கலைந்தன. வாயில் பிரஷ்ஷும் நுரையுமாகக் கணவன் தோட்டத்துக்கு ஓடிவந்தான்.

இன்ஸ்பெக்டரம்மா என்றதும் போலீஸ் என்று நினைத்துவிட வேண்டாம். அவள் லிஃப்ட் இன்ஸ்பெக்டர். கம்பிக்கயிறு தேய்ந்திருக்கிறதா, பிரேக் பிடிக்கிறதா, கதவு ஆளை நசுக்காமல் திறக்கிறதா என்று அடுக்குமாடி அடுக்குமாடியாகப் போய்ப் பார்ப்பது அவள் வேலை. சரியில்லை என்றால் கிட்டத்தட்ட இதே நிறத்தில் ஒரு காகிதத்தைக் கதவில் ஒட்டிவிட்டு வருவாள். இன்ஸ்பெக்டரம்மா என்பது கல்யாணமான புதிதில் மாமனார் வைத்த பட்டப்பெயர். வீட்டில் எல்லோரும், வேலைக்கு வரும் மேஸ்திரி உட்பட, அதையே பிடித்துக்கொண்டார்கள்.

ஆக, ஒட்டிப் பழகிய கைதான். ஒட்டப்படுகிற பக்கம் நிற்பதுதான் இது முதல் தடவை. மனுஷங்க வயிறு எப்படி எரியும் என்பது இன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

"வெள்ளிக்கிழமை மாமா இந்த வீட்டுக்கு வரணும். இன்னிக்கு வந்து ஒட்டியிருக்காங்க! அவரு ரூமுக்குக் கதவு, ஜன்னல் மட்டும்தான் பாக்கின்னு ஊரெல்லாம் சொல்லிட்டேன்!"

கணவன் நுரையைத் துப்பிவிட்டு, காகிதத்தின் ஓரத்தைத்தான் முதலில் பார்த்தான். "பசை போட்டு ஒட்டியிருக்காங்களே. செங்கல்ல கறை விழுந்துடுமே!"

"உங்களுக்குக் கறைதான் கவலையா?"

விடாமல் படித்து வருகிறவர்களுக்கு இந்த அறையின் கதை தெரியும். இந்த வாரம்தான் வந்து உட்கார்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

மாமனார் ஓய்வுபெற்ற நீச்சல் பயிற்சியாளர். மனைவி இறந்து சில வருஷங்கள் ஆகின்றன. மழைக்காலத்தில் வீட்டுப் படியில் வழுக்கி இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். அறுவை சிகிச்சை முடிந்து, மறுபடி நடக்கப் பழக்கும் நிலையத்தில் இருக்கிறார். இனி படியேறக் கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். இந்த வீட்டிலோ படுக்கையறை எல்லாம் அரை மாடி உயரத்தில். தரைத்தளத்தில் அவருக்கு ஓர் அறை தயாராகாவிட்டால், வெள்ளிக்கிழமை வண்டி நேராக முதியோர் இல்லத்துக்குப் போகும். அங்கே அவர் பெயருக்கு ஒரு கட்டில் ஏற்கெனவே ஒதுக்கியாகிவிட்டது.

அந்தப் படிகளில் ஒரு லிஃப்ட் வைத்தால் என்ன என்று நீங்கள் கேட்பீர்கள். இன்ஸ்பெக்டரம்மாவும் அதைத்தான் முதலில் கேட்டாள். குழு மறுத்துவிட்டது. ஏனென்றால் இது பாதுகாக்கப்பட்ட வீடு.

அரண்மனை, கோட்டையைப் பாதுகாப்பது புரிகிறது, அறுபது வருஷம்கூட முழுசாக ஆகாத ஒரு வீட்டில் என்ன இருக்கிறது? ஒருமுறை உள்ளே வந்து பார்த்தால் தெரியும். தட்டையான கூரை, விரல் பருமன்போலத் தெரியும் இரும்புத் தூண்கள் மேல் உட்கார்ந்திருக்கிறது. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. படிகள் ஒவ்வொன்றும் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டு, கீழே தாங்க ஒன்றுமில்லாமல் காற்றில் நிற்கின்றன.

எல்லாவற்றையும்விட அந்தச் சுவர். வாசல் கேட்டருகே ஆரம்பிக்கும் நீண்ட செங்கல் சுவர் ஒன்று, கண்ணாடியைத் தாண்டி ஹாலுக்குள் நுழைந்து, ஹாலைக் கடந்து, மறுபக்கக் கண்ணாடி வழியாகத் தோட்டத்துக்குப் போய்விடுகிறது. ஒரே சுவர். உள்ளே எது, வெளியே எது என்று கண் தடுமாறிப்போகும். செங்கற்களும் சாதாரண அளவு இல்லை. நீளமாக, மெலிசாக இருக்கும். கிடைமட்டமாகப் போகும் சாந்து வரியை விரல் நுழையும் ஆழத்துக்குச் சுரண்டியிருக்கிறார்கள். வெயில் பட்டால் அதில் நிழல் விழும். செங்குத்து இடுக்குகளை மட்டும் செங்கல் நிறச் சாந்தால் வழவழவென்று நிரப்பி மறைத்துவிட்டார்கள். பார்க்கிறவர் கண்ணுக்குப் படுக்கைக் கோடுகள் மட்டுமே தெரியும். அதனால்தான் அந்தச் சுவர் ஓடுவதுபோல இருக்கிறது.

அந்தச் சுவரின் தோட்டத்து முனையிலிருந்து தொடர்ந்து, ஓர் அறைக்கு மட்டும் புதுச் செங்கல் சுவர் கட்டிக்கொள்ளலாம் என்று குழு பெரிய மனது பண்ணி அனுமதி தந்தது. கூரையும் போட்டாயிற்று. அந்த அறையின் மேல்தான் இப்போது ஆரஞ்சுக் காகிதம்.

மேஸ்திரி வந்தார். காகிதத்தைப் பார்த்ததும் கையில் இருந்த சாந்துக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"இன்ஸ்பெக்டரம்மா, இப்பவே சொல்லிடறேன். சுவரு கட்டினது நானு. அதுக்கு மேக்கப் போட்டது சாரு. அடி விழுந்தா ரெண்டாப் பிரிச்சு வாங்கிக்கலாம்."

மேக்கப் என்று அவர் சொன்னதில் தப்பே இல்லை. கணவன் செயற்கைப் பல் செய்கிற டெக்னீஷியன். உடைந்த பல்லுக்குப் பக்கத்துப் பல்லின் நிறத்திலேயே ஒரு பல்லைச் செய்து பொருத்துவது அவன் தொழில். வெறும் வெள்ளை போதாது. ஈறோரம் லேசான மஞ்சள், நுனியில் கண்ணாடி போல ஒரு தெளிவு, டீ குடிக்கிறவர் என்றால் அதற்கும் ஒரு துளிக் கறை. அவன் செய்த பல்லை வாயில் வைத்துக்கொண்டு போனவர்களுக்கே எது சொந்தப் பல் என்று மறந்துபோகும். அதுதான் அவனுக்குப் பெருமை.

அதே கையால், அதே மெல்லிய பிரஷ்ஷால், புதுச் சுவரின் ஒவ்வொரு செங்கல்லுக்கும் வயது ஏற்றியிருந்தான். கூரை ஓரம் மழைநீர் வழிந்த கறை. அடியில் பாசி படிந்த பச்சை. எந்த இடத்தில் வெயில் பட்டு வெளுத்திருக்கும், எங்கே நிழலில் கறுத்திருக்கும் என்று பழைய சுவரை மாசக்கணக்கில் பார்த்துப் பார்த்துச் செய்தது. பல் நிறம் பார்க்கும் சின்னப் பட்டைகளைச் செங்கல் பக்கத்தில் வைத்துக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அவன் நின்றதை, போகிறவர் வருகிறவர் எல்லாம் வேடிக்கை பார்த்தார்கள்.

"யாரு புகார் கொடுத்தாங்கன்னு எனக்குத் தெரியும்" என்றாள் இன்ஸ்பெக்டரம்மா.

அந்த நேரம் பார்த்துக் கேட் திறந்தது. வந்தவள் நாத்தனார், கணவனின் அக்கா. ரெண்டு தெரு தள்ளி இருக்கிறாள். வக்கீல். பல வருஷம் முன்னால் இந்த வீட்டைப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்க்க அலைந்து திரிந்ததே அவள்தான்.

"என்னது இது, ஆரஞ்சுக் கலர்ல?"

"தெரியாத மாதிரி கேக்கறீங்களே அண்ணி."

"எனக்கு எப்படித் தெரியும்?"

"வீட்டைப் பட்டியல்ல சேர்த்தது நீங்க. லிஃப்ட் வேணாம்னு குழு சொன்னப்ப, 'அவங்க சொல்றதும் சரிதானே'ன்னது நீங்க. இந்தச் சுவர்ல ஒரு ஆணி அடிச்சா உங்களுக்குக் காய்ச்சல் வரும். வேற யாரு போய்ச் சொல்லியிருப்பாங்க?"

நாத்தனாரின் முகம் சிவந்தது. "எங்கப்பா வர்ற ரூமை நான் நிறுத்துவேனா? என்ன பேசற நீ? கோர்ட்ல இப்படி சாட்சி இல்லாமப் பேசினா வெளிய போகச் சொல்லிடுவாங்க, தெரியுமா?"

"இது கோர்ட் இல்ல, வீடு."

"அதான் சத்தம் போடாம நிக்கறேன்!" என்று நாத்தனார் தெருமுனை வரை கேட்கிற மாதிரி சொன்னாள்.

முற்பகலில் குழுவின் அதிகாரி வந்தாள். சின்னப் பெண்தான். பையிலிருந்து ரப்பர் சுத்தி, அளவு நாடா, டேப்லெட் எல்லாவற்றையும் எடுத்து ஒழுங்காகப் புல்லில் அடுக்கினாள். அந்த ஒழுங்கைப் பார்த்ததும் இன்ஸ்பெக்டரம்மாவுக்குப் புரிந்துவிட்டது. இவள் பேச்சில் மசியமாட்டாள். ஆய்வுக்குப் போகும்போது இன்ஸ்பெக்டரம்மாவும் இப்படித்தான் அடுக்குவாள்.

அதிகாரி கேட்டிலிருந்து சுவரோடு சுவராக நடந்தாள். ஹாலுக்குள் வந்தாள். தோட்டத்துக்குப் போனாள். திரும்பி வந்தாள். குனிந்து பார்த்தாள். மறுபடி போனாள்.

"சார், புதுச் சுவர் எங்க ஆரம்பிக்குது?"

கணவன் கையைக் கட்டிக்கொண்டு சிரித்தான். "நீங்களே கண்டுபிடிங்களேன்."

"ஐயோ, வாயை மூடுங்க" என்று இன்ஸ்பெக்டரம்மா பல்லைக் கடித்தாள். அவன் காதில் விழவில்லை. அந்த நிமிஷம் அவன் வாழ்க்கையிலேயே பெரிய பாராட்டை வாங்கிக்கொண்டிருந்தான்.

அதிகாரி ரப்பர் சுத்தியால் தட்டிக்கொண்டே போனாள். ஓரிடத்தில் ஓசை மாறியது. அங்கேயே உட்கார்ந்து, சுண்டுவிரல் நகத்தால் சாந்து வரியைக் கீறினாள். நகத்தில் பெயின்ட் வந்தது.

"இங்கதான்." எழுந்து நின்றாள். முகத்தில் வெற்றி எதுவும் இல்லை, கோபம்தான் இருந்தது. "இதை இடிக்கணும் சார்."

சிரிப்பு கணவன் முகத்திலிருந்து இறங்க நேரம் பிடித்தது.

"என்னம்மா சொல்றீங்க?" இன்ஸ்பெக்டரம்மா முன்னால் வந்தாள். "கண்டுபிடிக்கவே முடியலை உங்களால. அவ்ளோ நல்லா கட்டியிருக்கு. அதை இடிக்கணுமா?"

"கண்டுபிடிக்க முடியாததுதான் மேடம் பிரச்சினை."

"அப்ப அசிங்கமா கட்டியிருந்தா விட்டிருப்பீங்க!"

"அசிங்கமா வேணாம். தூரத்துல பாத்தா பழசோட சேர்ந்து போகணும். கிட்ட வந்து பாத்தா புதுசுன்னு தெரியணும். அனுமதியிலயே போட்டிருக்கு. வயசை மறைச்சதுதான் தப்பு."

"அப்படிப் பாத்தா ஊர்ல பாதிப் பேரை இடிக்கணுமே" என்றாள் நாத்தனார், யார் பக்கம் என்று சொல்லாமல்.

அதிகாரி சிரிக்கவில்லை. "இந்தச் சுவரைப் பாக்க மாணவர்கள் வர்றாங்க மேடம். அளந்து, வரைஞ்சு எடுத்துட்டுப் போறாங்க. நாளைக்கு ஒருத்தர் சாரோட செங்கல்லை அளந்துட்டு, அந்தக் காலத்துல இப்படித்தான் கட்டினாங்கன்னு எழுதுவாரு. அதைப் படிச்சு இன்னொருத்தர் எழுதுவாரு. இவ்ளோ பெரிய பொய்யைத் தோட்டத்துல நிக்க வெச்சிட்டு, நல்லா இருக்குல்லன்னு கேக்கறீங்க!"

"பொய்யா? ஒரு வயசான மனுஷன் சொந்த வீட்ல தூங்கணும்னு கட்டின ரூம்மா இது! அவரு வெள்ளிக்கிழமை எங்க போவாரு? உங்க மாணவர்கள் வீட்டுக்கா? செங்கல்லுக்கு இருக்கற மரியாதை மனுஷனுக்கு இல்லையா?"

மேஸ்திரி தூரத்தில் போய் ரொம்ப அக்கறையாக மண்வெட்டியைக் கழுவ ஆரம்பித்தார்.

அதிகாரி குரலைத் தாழ்த்தினாள். "நிறம் மட்டும்னா நான் கழுவச் சொல்லிட்டுப் போயிருப்பேன். அது இல்ல விஷயம். வரைபடத்துல பழைய சுவருக்கும் புதுசுக்கும் நடுவுல விரல் அகலத்துக்கு ஒரு இடைவெளி இருந்துச்சு. அது எங்க?"

இன்ஸ்பெக்டரம்மா கணவனைப் பார்த்தாள். கணவன் மேஸ்திரியைப் பார்த்தான். மேஸ்திரி மண்வெட்டியைப் பார்த்தார்.

அந்த இடைவெளி எதற்கு என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். ஏனென்றால் செங்கல் வளரும்.

நிஜமாகத்தான். சூளையிலிருந்து வெளியே வரும் செங்கலில் ஒரு சொட்டு ஈரம் இருக்காது. அன்றிலிருந்து அது காற்றிலுள்ள ஈரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க ஆரம்பிக்கும். குடிக்கக் குடிக்க உப்பும். ஒரு செங்கலை மட்டும் எடுத்துக்கொண்டால் கண்ணுக்கே தெரியாத அளவுதான். ஆனால் வரிசையாக அடுக்கிய சுவரில் எல்லாச் செங்கலும் ஒரே பக்கம் தள்ளும்போது, அது சின்ன விஷயம் இல்லை. முதல் சில வருஷங்களில்தான் வேகம் அதிகம். பழைய செங்கல் வளர்கிற மட்டும் வளர்ந்து எப்போதோ அடங்கிவிட்டது. அடங்கியதையும் வளர்கிறதையும் இறுகக் கோத்துவிட்டால், புதுசு தள்ளும், பழசு நகர இடமில்லாமல் வெடிக்கும். அதுவும் இவ்வளவு மெலிசான செங்கல். அதனால்தான் நடுவே ஒரு சந்து விட்டு, அமுங்கிக் கொடுக்கிற பட்டை ஒன்றைச் செருகி வைப்பார்கள்.

"வரைபடத்துல இடைவெளி இருந்துச்சா, இல்லையா?" இன்ஸ்பெக்டரம்மா மெதுவாகத்தான் கேட்டாள். அவள் மெதுவாகக் கேட்டால்தான் கணவனுக்குப் பயம்.

"இருந்துச்சு."

"அப்புறம்?"

"பாக்க நல்லா இல்ல."

"நல்லா இல்லையா!"

"இடைவெளின்னா அழுகல்ம்மா! என் தொழில்ல பல்லுக்கும் அது மேல மாட்டற உறைக்கும் நடுவுல ஒரு முடி நுழைஞ்சாலும் போச்சு. அழுக்கு போகும், தண்ணி போகும், உள்ளேயே சொத்தையாகும். இத்தனை வருஷமா சந்து இல்லாமப் பண்றதுக்குத்தான் நான் சம்பளம் வாங்கறேன். சுவர்ல மட்டும் சந்து விடுன்னா கை எப்படி வரும்? அதான் பழைய செங்கல்ல ஒண்ணு விட்டு ஒண்ணு எடுத்துட்டு, புதுசை உள்ள கோத்துக் கட்டச் சொன்னேன்."

"சாரு சொன்னாரு, கோத்தேன்" என்றார் மேஸ்திரி தூரத்திலிருந்து.

இன்ஸ்பெக்டரம்மாவின் கோபம் இறங்கவில்லை. அதிகாரியிடமிருந்து கிளம்பி நேராகக் கணவன் மேல் வந்து உட்கார்ந்தது. அவள் தினமும் முதலில் அளப்பதே ஒரு சந்தைத்தான். லிஃப்டின் தரைக்கும் மாடித் தரைக்கும் நடுவே, நீங்கள் கால் வைத்துத் தாண்டும்போது கீழே இருட்டாகத் தெரியுமே, அந்தச் சந்து. அகலம் கூடிப்போனால் குழந்தையின் கால் சிக்கும். சந்தே இல்லாவிட்டால் லிஃப்ட் நகரவே நகராது. ஒரே கட்டிலில் இத்தனை வருஷம் படுத்த மனிதருக்கு இதை ஒருநாள்கூடச் சொல்லாமல் போனோமே என்று அவளுக்கு ஆத்திரம்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா விட மாட்டே."

"ஆமா, விட மாட்டேன்!"

அதிகாரி டேப்லெட்டைத் திறந்தாள். "இன்னொண்ணும் இருக்கு. புகாரோட வந்த படம். இதைப் பாத்துட்டுத்தான் நான் உடனே கிளம்பி வந்தேன்."

படத்தில் ஒரு கீறல். இடுப்பளவு உயரத்தில், செங்கல் வரிசைமேல் லேசாக வளைந்து போகும் நீளமான கீறல்.

நாத்தனார் எட்டிப் பார்த்தாள். "இது நான் போட்ட கோடுல்ல? சின்ன வயசுல ஹாலுக்குள்ள சைக்கிள் ஓட்டி, ஹேண்டில் உரசி..." சட்டென்று நின்றாள். ஹாலைப் பார்த்தாள்; அவள் கீறல் ஹால் சுவரில் அப்படியே இருந்தது. படத்தைப் பார்த்தாள். புது அறைச் சுவரைப் பார்த்தாள். "டேய். இதைப் புதுச் சுவர்லயும் போட்டியா?"

கணவன் தலையைச் சொறிந்தான். "பழைய சுவருன்னா ஒரு அடி, ஒரு கீறல் இருக்கணும்ல அக்கா. இயற்கையா இருக்கட்டுமேன்னு..."

"இயற்கையா! விழுந்து முன்பல்லை உடைச்சுக்கிட்டேன்டா நான் அன்னிக்கு! ரத்தம் வந்துச்சு! அதைப் பாத்துட்டு நீ அழுத அழுகையிலதான் பல் வேலைக்கே போனே. நீ பாட்டுக்கு பிரஷ்ஷை வெச்சு ஒரு காப்பி போட்டுடுவியா?"

இன்ஸ்பெக்டரம்மாவுக்கு இது எதுவும் காதில் ஏறவில்லை. அவள் படத்தின் கீழ் ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே மங்கலாக ஒரு கட்டைவிரல். நகத்தில் குறுக்கே ஒரு தழும்பு, லிஃப்ட் கதவில் நசுங்கியது.

அவளுடைய கட்டைவிரல். அவள் எடுத்த படம். அவள் அதை அனுப்பியது உலகத்திலேயே ஒரே ஒருவருக்கு.

அதற்கப்புறம் அவள் அதிகாரியிடம் வேகவேகமாகப் பேசினாள். புதுச் சுவருக்குத் தனி அஸ்திவாரம் இருக்கிறது. மூலையில் திரும்பி நிற்பதால், பழைய சுவரைப் பிடித்துக்கொள்ளாமலே தானாக நிற்கும். கோத்த இடத்தை மேலிருந்து கீழ்வரை மெஷினால் அறுத்து, உள்ளே போன புதுச் செங்கல் முனைகளை வெளியே எடுத்து, பழைய செங்கல்லைத் திரும்ப வைத்து, சந்து விட்டால் போதாதா? மேக்கப் முழுவதையும் கழுவிவிடுகிறோம். கீறல் விழுந்த செங்கல்லையும் எடுத்துவிடுகிறோம்.

அதிகாரி சுவரைச் சுற்றி வந்தாள். மூலையைத் தட்டினாள். அஸ்திவாரத்தைப் பார்த்தாள். "வியாழக்கிழமை வந்து பாக்கறேன். சந்து நேரா, சுத்தமா இருக்கணும். இருந்தா காகிதத்தை நானே கிழிக்கறேன். இல்லைன்னா முழுசா இடிக்கத்தான் வேணும்."

அவள் போனதும் கணவன் ஹாலுக்குள் போய் சோபாவில் உட்கார்ந்துவிட்டான்.

"நான் வெட்ட மாட்டேன். மேஸ்திரியையும் தொட விட மாட்டேன். ஒவ்வொரு செங்கல்லா உக்காந்து பண்ணேன். கண்டுபிடிக்க முடியலைன்னு அவங்களே சொன்னாங்க. அதுக்குப் பரிசா இது?"

"வெள்ளிக்கிழமை..."

"தெரியும்! எனக்கும் அப்பாதான் அவரு!"

இன்ஸ்பெக்டரம்மா அவனிடம் மல்லுக்கட்டவில்லை. முதலில் நாத்தனாரிடம் போனாள். "அண்ணி, காலையில பேசினது தப்பு. நீங்க இல்ல."

"எனக்கு அப்பவே தெரியும் நான் இல்லைன்னு" என்றாள் நாத்தனார். "மன்னிப்பெல்லாம் சாயங்காலம் ஆற அமர கேளு. நானும் பாக்கி நாலு வார்த்தை திட்டணும். இப்ப யாருன்னு சொல்லு."

இன்ஸ்பெக்டரம்மா போனை எடுத்து, எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டாள்.

"சொல்லு இன்ஸ்பெக்டரம்மா" என்றது மாமனாரின் குரல். குளத்தின் மறுகரைக்குக் கேட்க வேண்டும் என்று பழகிய குரல், ஸ்பீக்கரே தேவையில்லை.

"மாமா. புகார் கொடுத்தது நீங்களா?"

ஒரு வினாடிகூடத் தயங்கவில்லை அவர். "ஆமா."

நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டாள். சோபாவில் கணவன் நிமிர்ந்தான்.

"உங்களுக்காகக் கட்டற ரூம் மாமா அது! நீங்களே போய் அதை..."

"எப்படிக் கண்டுபிடிச்சே?"

"புகாரோட வந்த படத்துல என் கட்டைவிரல் இருந்துச்சு."

"அடச்சே, கவனிக்கலையே." அவர் பெருமூச்சு விட்டார். அப்புறம் குரல் ஏறியது. "வரைபடத்துல கையெழுத்துப் போட்டவன் நான். சந்து விடணும்னு எனக்குத் தெரியும். உன் படத்துல சந்தையே காணோம், பாத்தவுடனே அவனுக்கு போன் பண்ணேன். 'நீங்க ரெஸ்ட் எடுங்கப்பா'ன்னு வெச்சுட்டான். இடுப்புதானே உடைஞ்சுது, புத்தியுமா உடைஞ்சுபோச்சு? நான் சொன்னா காதுல வாங்கல. ஆரஞ்சுக் காகிதம் சொன்னா வாங்கறீங்க. இல்லையா?"

நாத்தனார் தம்பியை முறைத்தாள். மாமனார் விடவில்லை.

"அந்தக் கோடு என் பொண்ணு விழுந்த கோடு. பூசி மறைச்சிடலாம்னு அவங்கம்மா சொன்னா. நான்தான் விடலை. அது நடந்தது, இருக்கட்டும்னேன். நடக்காத ஒண்ணைப் பக்கத்துல கொண்டுவந்து வெச்சா, நடந்ததும் பொய்யாப் போயிடும். ஒரு கோடுதான் இருக்கணும்."

கண்ணாடிக் கதவு நகரும் சத்தம் கேட்டது. இன்ஸ்பெக்டரம்மா திரும்பிப் பார்க்கவில்லை.

"இன்னொண்ணு கேளு. முப்பது வருஷம் குளத்தோரம் நின்னேன். பயந்த பிள்ளையக்கூட நான் கேக்காமத் தள்ளிவிட்டதில்லை. இறங்கறியான்னு கேப்பேன். தலையாட்டினாத்தான். எனக்கு ரூம் வேணுமா, இல்லத்துல கட்டில் வேணுமான்னு உங்கள்ல ஒருத்தர் என்னைக் கேட்டீங்களா? ரெண்டுக்கும் நீங்களே ஏற்பாடு பண்ணிட்டீங்க. எது முதல்ல தயாராகுதோ அதுல என்னை வைக்கப்போறீங்க. நான் என்ன, அலமாரியா?"

காலையிலிருந்து இன்ஸ்பெக்டரம்மா எத்தனை பேர் மேல் பாய்ந்திருந்தாள்! அத்தனை கோபத்திலும் இவர் பேச்சில் இருக்கும் நியாயம் கொஞ்சமும் இல்லை.

தோட்டத்தில் மெஷின் அலறியது. செங்கல் அறுபடும் அந்தச் சத்தம் வீடு முழுக்க நிறைந்தது. கண்ணாடிக்கு அப்பால் சிவப்பாகத் தூசி கிளம்பியது. முகமூடி போட்டுக்கொண்டு, மேஸ்திரியை ஓரமாக நிறுத்திவிட்டு, கணவன்தான் மெஷினைப் பிடித்திருந்தான்.

"அது என்ன சத்தம்?"

"உங்க பிள்ளை மாமா. சுவரை அறுக்கறார்."

"அவனேவா?"

"அவரேதான்."

இன்ஸ்பெக்டரம்மா போனோடு, திறந்திருந்த கண்ணாடிக் கதவருகே போனாள்.

"மாமா" என்றாள் அவள். "வெள்ளிக்கிழமை வண்டி எங்க வரணும்? இங்கயா, அங்கயா? இப்பத்தான் கேக்கறேன். லேட்டுதான். ஆனா கேக்கறேன்."

மெஷின் ஒரு கணம் நின்றது. தூசிக்குள் கணவன் இந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பது தெரிந்தது. அவனுக்கும் கேட்டிருக்க வேண்டும்.

"முதல்ல அவனை நேரா அறுக்கச் சொல்லு" என்றார் மாமனார். "கை நடுங்கினா நிறுத்திட்டுத் தண்ணி குடிக்கச் சொல்லு. சந்து எப்படி வருதுன்னு பாத்துட்டுத்தான் நான் எதுவும் சொல்லுவேன். படம் எடுத்து அனுப்பு."

"சரி மாமா."

"இந்தத் தடவையாவது கட்டைவிரல் விழாம எடு."